கடைசியாகப் படிக்கும் பிள்ளை

ஜனவரி 6, திங்கள்

விடுமுறை முடிந்து பள்ளி திறந்தாயிற்று. ஐந்து மணிக்கு எழுந்து இட்லி, புளிசாதம், கைப்பிள்ளை செழியனுக்குக் கஞ்சி. ஆறரைக்கு மகிழினியை எழுப்பினால், கண்ணைத் திறக்காமலே "இன்னைக்கு லீவு டீச்சர்" என்கிறாள். பள்ளிக்கூடத்தில் என்னை அம்மா என்று கூப்பிடக்கூடாது என்று ஜூன் மாதம் ஒரு சட்டம் போட்டேன். அது இப்போது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது.

ஒன்றாம் வகுப்பில் இருபத்து மூன்று பிள்ளைகள். அதில் ஒருத்தி என் மகள். அவளை என் பள்ளியில் சேர்க்க நான் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல. மகிழினியின் அப்பா தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார், சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். "ஒரு வருசம் பாப்போம். ஆண்டு விழாவுக்குள்ள பிள்ள சரளமா வாசிக்கலைன்னா வேன் வர்ற ஸ்கூல்தான், வடிவு" என்று சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டில் இருக்கும் அவருடைய அக்கா, அதாவது உலகம்மாள் மதினி, அந்த இங்கிலீஷ் பள்ளியின் விண்ணப்பப் படிவத்தை இப்போதே வாங்கி எங்கள் பீரோவில் வைத்திருக்கிறாள். செழியனைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்கிறவள் என்பதால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

படிவம் அங்கேயே கிடந்து மஞ்சளாகட்டும். இன்று புதுப் பாடம். யானை குளிக்கிற கதை. ஒவ்வொரு பிள்ளையாக மேசைக்கு வந்து, வரிக்குக் கீழே விரலை வைத்துப் படித்தார்கள். தட்டுத் தடுமாறிய கூட்டத்துக்குப் பிறகு மகிழ் வந்தாள். ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை. அவள் முறை எப்போதும் கடைசி. டீச்சர் மகள் என்று சலுகை காட்டுகிறேன் என எவரும் வாய் திறக்கக்கூடாது. மதியச் சோற்று வரிசையிலும் அவள் கடைசிதான்.

ஜனவரி 8, புதன்

யோகிதாவின் அம்மா மாரிக்கனி ஒரு தொந்தரவு. மற்ற அம்மாக்கள் கேட்டுக்கு வெளியே நின்று பிள்ளையைக் கூட்டிப் போகிறார்கள். இவள் தீப்பெட்டித் தொழிற்சாலை (இங்கே ஆபீஸ் என்பார்கள்) விட்டதும் நேரே வகுப்பு வாசலுக்கு வந்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுகிறாள். விரலெல்லாம் காய்ந்த பசை. நான் வருகைப் பதிவேட்டை முடித்து, செல்போனில் ஏற்ற வேண்டியதை ஏற்றி, அடுப்பு நினைப்பில் பரபரக்கிற நேரத்தில்தான் இவளுக்குச் சந்தேகம் வரும்.

"டீச்சர், அந்த போர்டுல மூணாவதா எழுதியிருக்கே, அது என்ன?"

"உங்க பிள்ளைகிட்டக் கேளுங்க."

"அவகிட்டக் கேட்டுட்டேன். அவ சொன்னது சரியான்னுதான் உங்ககிட்டக் கேக்கேன்."

பதில் சொல்லிவிட்டு வந்தேன். சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. அதற்கும் மாரிக்கனிக்கும் சம்பந்தமில்லைதான்.

ஜனவரி 10, வெள்ளி

செழியனுக்குச் சளி. மகிழ் கதைப் புத்தகத்தைக் கொண்டுவந்து மடியில் உட்காரப் பார்த்தாள். வகுப்பில் படித்தது போதும், போய் விளையாடு என்றேன்.

ஜனவரி 18, சனி

பொங்கல் விடுமுறை நாளையோடு முடிகிறது. அவர் வந்திருக்கிறார். செழியன் பாடப் புத்தகத்தில் யானைப் பக்கத்தின் கீழ்ப்பாதியைக் கிழித்து வாயில் போட்டுக்கொண்டான். விரலை விட்டு எடுப்பதற்குள் பாதி உள்ளே போய்விட்டது.

மதினிக்கு உடனே ஆசை. "எங்க, படி பாப்போம்" என்று மகிழைக் கூப்பிட்டாள். பிள்ளை கிழிந்த பக்கத்தையே விரித்து, கிழிந்துபோன நான்கு வரிகளையும் சேர்த்து, ஒரு சொல் பிசகாமல் வாசித்து முடித்தாள். இல்லாத வரியின் கீழும் விரல் போயிற்று. அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "டீச்சர் பிள்ளைன்னா சும்மாவா!" என்று தூக்கிச் சுற்றினார். மதினி முகம் சுண்டிப்போயிற்று. எனக்கு இருந்த பெருமையை எழுதினால் எனக்கே வெட்கமாக இருக்கும். என்ன ஞாபக சக்தி!

ஜனவரி 22, புதன்

யோகிதா முன்னேறுகிறாள். அக்டோபரில் தன் பெயரையே வாசிக்கத் தெரியாமல் விழித்த பிள்ளை. இன்று பாடத்தில் இல்லாத ஒரு வரியைக் கரும்பலகையில் எழுதினேன், முதலில் கை தூக்கியவள் அவள்தான். வீட்டில் யார் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கேட்டேன்.

"யாரும் இல்ல டீச்சர். நான் வாசிப்பேன், அம்மா கேப்பாங்க. ஒவ்வொரு எழுத்துக்கும் இது என்ன, இது என்னன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க. பொய் சொன்னா கண்டுபுடிச்சிருவாங்க."

மாரிக்கனிக்குப் படிக்கத் தெரியாது. ஏழு வயதிலேயே தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவள். பகலெல்லாம் அங்கே வேலை. சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறாள். இதற்கு நடுவில் பிள்ளையிடம் தினமும் இப்படிக் கேட்கிறாள். நான் படிப்பு, பயிற்சி, பணிமூப்பு எல்லாம் வைத்திருக்கிறேன். எனக்கு அவள்மேல் முதன்முறையாக மரியாதை வந்தது. நாளைக்குச் சந்தேகம் கேட்டால் நின்று பதில் சொல்ல வேண்டும்.

ஜனவரி 27, திங்கள்

துவைக்கவில்லை, துடைக்கவில்லை, நாற்பத்தாறு நோட்டு திருத்தினேன்.

ஜனவரி 30, வியாழன்

ஆண்டு விழா மார்ச் 7 என்று தலைமை ஆசிரியர் சேவியர் சார் அறிவித்தார். ஒன்றாம் வகுப்பு சார்பில் மேடையில் வாசிக்கப் போவது மகிழினி. நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். மகிழின் அப்பாவுக்கு போன் செய்தேன். லீவு சொல்லிவிட்டு வருகிறாராம். மதினியும் வருவாளாம்.

பிப்ரவரி 3, திங்கள்

மாரிக்கனி இன்று சந்தேகம் கேட்கவில்லை. மகிழையும் யோகிதாவையும் ஊஞ்சலுக்கு அனுப்பிவிட்டு என் மேசை அருகில் வந்து நின்றாள். இந்த வகுப்புக்குள் அவள் கால் வைத்தது இதுதான் முதல் தடவை.

"டீச்சர், ஒண்ணு சொல்லுதேன். கோவப்படக் கூடாது."

"சொல்லுங்க."

"பாப்பாவ ஒருநா மொதல்ல படிக்கச் சொல்லிப் பாருங்க."

எனக்குப் புரியவில்லை. அவள் முந்தானை முடிச்சிலிருந்து ஒரு தீப்பெட்டி லேபிளை எடுத்துக் காட்டினாள். சேவல் படம். அதன் கீழே 'அன்பு' என்று எழுதியிருந்தது. வெள்ளிக்கிழமை இதைக் காட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று மகிழிடம் கேட்டாளாம். மகிழ் சேவல் என்று சொன்னாளாம். இன்னொரு லேபிளில் கப்பல் படம் இருந்ததாம், அதற்குக் கப்பல் என்றாளாம். யோகிதா வாசித்துச் சொன்னபடி, அதில் எழுதியிருந்தது 'வெற்றி'.

"படத்தப் பாத்துச் சொல்லுதா டீச்சர். பாடத்த மத்த பிள்ளைக படிக்கதக் கேட்டுச் சொல்லுதா. நானும் இருவது வருசம் அப்படித்தான ஓட்டுனேன்? பஸ்ஸ நெறத்த வச்சு, கடைய வாசல வச்சு. யாருக்கும் தெரியாது. படிக்கத் தெரியாதவ எப்படிச் சமாளிப்பான்னு எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாதுல்லா."

என்ன சொன்னேன் என்று எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எழுதிவிடுகிறேன். "உங்க பிள்ளையை மட்டும் நீங்க பாத்துக்கோங்க" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

பொறாமை. வேறென்ன? தன் பிள்ளை மேடை ஏறவில்லை என்கிற பொறாமை.

இன்றும் மகிழ் கடைசியில்தான் படித்தாள். அருமையாகப் படித்தாள்.

பிப்ரவரி 5, புதன்

புதுப் பாடத்தைத் திறந்தேன். வழக்கமாக முதலில் நான் வாசித்துக் காட்டுவேன். இன்று காட்டவில்லை. "மகிழினி, வா, நீ முதல்ல" என்றேன்.

வந்தாள். விரலை முதல் வரியின் கீழ் சரியாக வைத்தாள். படத்தைப் பார்த்தாள். ஆடு ஒன்று கடை வாசலில் நிற்கிற படம். "ஆடு கடைக்கு வந்தது" என்றாள். வரியில் இருந்தது 'மழை பெய்தது' என்று. என் முகத்தைப் பார்த்தாள். திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்தாள், யாராவது வாயசைப்பார்களா என்று. பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"எனக்குக் கடைசி முறைதான டீச்சர்?"

இடைவேளையில் பழைய யானைப் பக்கத்தைக் காட்டி, 'தவளை' என்ற சொல்லின்மேல் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டேன். அவள் உதட்டுக்குள்ளேயே பாடத்தை முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டு வந்து, அந்த இடம் வந்ததும் "தவளை" என்றாள். தனியாக ஒரு தாளில் அதே சொல்லை எழுதிக் காட்டினேன். தெரியவில்லை.

ஒவ்வொரு பாடத்தையும் மற்றவர்கள் வாயால் இருபத்திரண்டு முறை கேட்டபிறகு அவளிடம் கேட்டிருக்கிறேன். ஜூன் மாதத்திலிருந்து. நியாயமாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு.

பிப்ரவரி 6, வியாழன்

எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 8, சனி

அவர் வந்திருக்கிறார். சொல்லவில்லை. "மேடைக்கு எந்தப் பாடம்?" என்று மகிழிடம் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் மீன் கழுவப் போய்விட்டேன்.

சேவியர் சார் கொடுத்திருப்பது யானைப் பாடம்தான். மகிழுக்கு அது தலைகீழாகத் தெரியும். மேடையில் ஏறிச் சொல்லிவிட்டால் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள், எவருக்கும் தெரியாது, படிவமும் பீரோவிலேயே கிடக்கும். பிறகு மெல்லச் சொல்லிக்கொடுத்துக்கொள்ளலாம். இப்படி நினைத்தேன் என்பதை எழுதி வைக்கிறேன். ஒருமுறை அல்ல, நாள் முழுக்க நினைத்தேன்.

பிப்ரவரி 10, திங்கள்

செழியனை இடுப்பில் வைத்துக்கொண்டு, மகிழைக் கையில் பிடித்துக்கொண்டு, சாயங்காலம் மாரிக்கனி வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை. நடுவில் பசைக் கிண்ணம், சுற்றிலும் பெட்டிக் குவியல். என்னைக் கண்டதும் எழுந்து கையைச் சேலையில் துடைத்தாள்.

"நீங்க சொன்னது சரிதான்" என்றேன்.

"டீச்சர், உக்காருங்க. டீ போடுதேன்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பேச்சையே அவள் எடுக்கவில்லை. நான் திட்டினதையும் எடுக்கவில்லை. நானாக இருந்தால் ஒரு வாரமாவது முகத்தைத் தூக்கி வைத்திருப்பேன்.

டீ குடித்தபிறகு, நீங்கள் யோகிதாவிடம் எப்படிக் கேட்பீர்கள் என்று காட்டச் சொன்னேன். அவள் லேபிள் ஒட்டிக்கொண்டே ஒரு லேபிளைத் தூக்கிப் பிடிப்பாள். படத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்வாள். யோகிதா வாசிக்க வேண்டும். வாசித்ததும், "இதுல எது 'அ'? ஏன் இதுக்கு மேல புள்ளி?" என்று கேட்பாள். அவளுக்கு நிஜமாகவே தெரியாது. அதனால் பிள்ளை வாத்தியார் ஆகிவிடுகிறது.

படத்தைக் கட்டைவிரலால் மறைப்பது. இதை எந்தப் பயிற்சியிலும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

தினமும் ஆறு மணிக்கு அங்கே போகிறோம். வீட்டில் சமையல் ரசத்தோடு நின்றுவிடுகிறது. மதினி, "புருசன் இல்லாத வீட்டுக்கு ரசம் போதும்னு நெனச்சிட்டியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

வீணான லேபிள்களின் பின்பக்கம் எழுத்துகளை எழுதி வைத்திருக்கிறேன். மகிழும் மாரிக்கனியும் ஒரே நிலையில் இருக்கிறார்கள். இருவரும் போட்டி போடுகிறார்கள். இன்று மாரிக்கனி 'பழம்' வாசித்துவிட்டாள், மகிழுக்கு வரவில்லை. அழுதாள். மாரிக்கனி ஆறுதல் எல்லாம் சொல்லவில்லை. "அழுதா எழுத்து ஓடியா போயிரும்? நாளைக்கு நீ என்னச் செயிச்சிக்கோ" என்றாள். நான் லேபிள் ஒட்ட உதவினேன். நான் ஒட்டியதில் பாதி கோணல் என்று எடுத்துப் பிரித்துத் திருப்பி ஒட்டினாள்.

பிப்ரவரி 19, புதன்

மகிழ் 'படி' வாசித்தாள். 'மடி' வாசித்தாள். படம் இல்லை, முன்னால் வாசித்தவர் எவரும் இல்லை. திரும்பி வரும் வழியில் ஒரு சுவரில் எழுதியிருந்ததை நின்று பார்த்து, "சு, சுண், சுண்ணாம்பு!" என்று கத்தினாள். தெருவில் நின்று அழுதேன். செழியன் என் மூக்கைப் பிடித்து இழுத்தான்.

பிப்ரவரி 24, திங்கள்

திரும்பி வரும்போது மகிழ் கேட்டாள்: "யோகிதா அவங்க அம்மா மடியில உக்காந்துதான் படிக்கா. நான் எப்ப உக்காரலாம்?"

செழியன் பெரியவனானதும் என்றேன். சொன்ன பிறகுதான், அதற்குள் இவளும் பெரியவளாகிவிடுவாள் என்று தோன்றியது.

மார்ச் 1, சனி

அவரிடம் சொல்லிவிட்டேன். சாப்பிட்டு முடிக்கட்டும் என்றுகூடக் காத்திருக்கவில்லை. அவர் கையைப் பிசைந்த சோற்றிலேயே வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப அன்னைக்குக் கிழிஞ்ச பக்கத்தப் படிச்சாளே?"

"ஆமா. அன்னைக்கே எனக்கு வெளங்கியிருக்கணும்."

"ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்க, வீட்டுப் பிள்ளையப் பாக்கலையே வடிவு."

அவர் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் வலித்தது. மேடையில் யானைப் பாடத்தைச் சொல்லிவிடட்டும், பிறகு ஜூன் மாதம் பள்ளியை மாற்றிக்கொள்ளலாம் என்றார். மகிழ் சொல்ல மாட்டாள், வாசிப்பாள், பார்க்காத ஒன்றை வாசிப்பாள் என்றேன். "முடியலைன்னா?" என்றார். முடியவில்லை என்று ஊருக்குத் தெரியட்டும், படிவத்தை நானே நிரப்பித் தருகிறேன் என்றேன். சொன்னபோது இருந்த தைரியம் பாத்திரம் கழுவும்போது இல்லை.

மார்ச் 5, புதன்

சேவியர் சார், "நல்லாப் போற காரியத்துல எதுக்கு டீச்சர் ரிஸ்க்?" என்றார். விவரம் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சரி என்றார்.

மேடையில் படிக்கிற வரியை நான் எழுதக்கூடாது. எழுதினால் என்னையறியாமல் வீட்டில் வாய்விட்டுவிடுவேன். மாரிக்கனியை எழுதித் தரச் சொன்னேன். "நானா? என் எழுத்தயா?" என்று திகைத்தாள். பிறகு, "எத்தன வார்த்த எழுதணும் டீச்சர்?" என்று கேட்டாள். எத்தனை தெரியுமோ அத்தனை என்றேன்.

மார்ச் 7, வெள்ளி

ஆண்டு விழா. எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

ஒன்றாம் வகுப்புதான் முதல் நிகழ்ச்சி. அதிலும் மகிழ்தான் முதல். நான் மேடை ஓரத்தில் நின்றேன். முன்வரிசையில் அவர், பக்கத்தில் மதினி, மதினி மடியில் செழியன். மாரிக்கனி ஆபீசுக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்து, நீலச் சேலை கட்டி, வழக்கம்போல் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் எழுதிய தாள் நான்காக மடித்தது மடித்தபடி மகிழ் கையில் இருந்தது.

பிரித்தாள். பெரிய பெரிய எழுத்துகள், வரி மேலே ஏறிப் போயிருந்தது. படம் இருக்கிறதா என்று தாளைத் திருப்பிப் பார்த்தாள். இல்லை. பிள்ளைகள் பக்கம் பார்த்தாள். யாரும் அதைப் படித்ததில்லை. கடைசியாக என்னைப் பார்த்தாள். நான் என் கால் விரலைப் பார்த்தேன்.

மைக்கில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "போ... போய்" என்றாள். நின்றாள். "அம்... அம்மா." கூட்டத்தில் யாரோ இருமினார்கள். யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். அடுத்த சொல்லுக்கு எவ்வளவு நேரம் எடுத்தாள் என்று தெரியாது. அதற்குள் நான் பத்துத் தடவை ஓடிப்போய்ச் சொல்லிக்கொடுத்திருப்பேன், முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ம. மடி. மடி... யி... மடியில்." மதினி அவரிடம் ஏதோ சொன்னாள், அவர் கையை உயர்த்தி அவளைப் பேச வேண்டாம் என்றார். "இரு" என்று மகிழ் முடித்தாள்.

பிறகு முதலிலிருந்து, விரலை ஓட்டி, ஒரே மூச்சில்: "போய் அம்மா மடியில் இரு."

யாரும் கைதட்டவில்லை. முடிந்துவிட்டது என்றே யாருக்கும் தெரியவில்லை. மகிழ் தாளை இன்னொரு தடவை பார்த்தாள், தான் வாசித்தது என்ன என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. என் பக்கம் திரும்பி, மைக்கிலேயே கேட்டாள்:

"டீச்சர், இதுல அம்மா மடியில இருக்கச் சொல்லி எழுதியிருக்கு. இருக்கலாமா?"

நான் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சேலை, மேடை, சேவியர் சார், எதுவும் ஞாபகமில்லை. மகிழ் ஓடி வந்து மடியில் உட்கார்ந்து, தாளை என் முகத்துக்கு நேராகப் பிடித்து, நான் ஏமாந்துவிடக் கூடாதென்று இன்னொரு முறை வாசித்துக் காட்டினாள். முதலில் கைதட்டியது அவர்தான். அதற்குள் செழியன் மதினி மடியிலிருந்து இறங்கி மேடையை நோக்கித் தவழ ஆரம்பித்துவிட்டான்.

கூட்டம் கலைந்ததும் மாரிக்கனியைத் தேடினேன். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"மாரிக்கனி, ஏன் அதை எழுதுனீங்க?"

"எனக்கு நல்லா எழுதத் தெரிஞ்ச வார்த்த அம்புட்டுதான் டீச்சர்" என்றாள். சிரித்தாள். பொய் சொன்னால் எனக்கும் இப்போது கண்டுபிடிக்கத் தெரிகிறது.

மார்ச் 9, ஞாயிறு

அவர் மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார். கிளம்புவதற்கு முன்னால் பீரோவைத் திறந்து, "அந்த பாரம் எங்க?" என்றார். கூடத்தில் கிடந்த பள்ளிப் படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். போன வாரமே அதன் பின்பக்கத்தை எடுத்து மகிழுக்கு எழுதப் பழகக் கொடுத்துவிட்டிருந்தேன். படி, மடி, பழம், சுண்ணாம்பு, அப்பா. நின்றபடியே எல்லாவற்றையும் வாசித்தார். 'அப்பா'வில் ஒரு புள்ளி குறைந்தது, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அதை வைத்துவிட்டு, மகிழ் கையில் கொடுத்துப் போனார். இரவுக்குள் செழியன் அதில் ஒரு மூலையைத் தின்றுவிட்டான்.

நாளையிலிருந்து வகுப்பில் சீட்டுக் குலுக்கித்தான் வரிசை. பிள்ளைகள் இருபத்து மூன்று, சீட்டு இருபத்து நாலு. மாரிக்கனிக்குப் பகலில் ஆபீஸ் இருக்கிறது, அவள் சாயங்காலம் வந்து படிப்பாள்.